பதினேழாம் வரிசை, ஒன்பதாம் நாற்காலி

மணிக்கு எட்டு வெள்ளி, நடுவில் ஒரு பொட்டலம் நாசி லெமாக்.
பட்டமளிப்புக்கு முந்தின இரவு
துங்கு சான்சலர் மண்டபத்தில்
நாற்காலி போடும் வேலை.
கயிறு பிடித்துக் கோடு பார்ப்பார் அபாங் ஜம்ரி.
ஒன்று விரற்கடை விலகினாலும்
பல் விழுந்த வாய் மாதிரி இருக்கிறது என்பார்,
மலாயில்.
மலாயில் அது இன்னும் மோசமாகக் கேட்கும்.

பிறகு பெயர் ஒட்ட வேண்டும்.
தாள் தாளாக வந்தது என் வகுப்பு.
மூன்று வருடம் என் சோப்பையே தேய்த்துக் குளித்த
அறைத்தோழன் முகிலரசன்.
பரீட்சையன்று காலை
ஏரிக்கரையில் உடும்பு குறுக்கே போனதற்கு
மண்டபத்துக்குள் வரவே மாட்டேன் என்று அழுத இடாயு.
எங்கள் ஆட்களின் பெயருக்கும் அப்பன் பெயருக்கும் நடுவில்
வேலையில்லாதவன் போல் சாய்ந்து நிற்குமே ஒரு கோடு,
அதையும் நீவி நீவி ஒட்டினேன்.

என் பெயர் எங்கே வரும் என்று எனக்குத் தெரியும்.
துர்காவுக்கும் ஃபட்லினாவுக்கும் நடுவே.
போய்ப் பார்த்தேன். இடைவெளி இல்லை.
புள்ளியியல் இரண்டில் நான் விழுந்த பள்ளத்தை
யாரோ நாற்காலியை நெருக்கிப் போட்டு
அழகாக மூடியிருந்தார்கள்.
அந்த வரிசையைப் போட்டதே நான்தான்.

காலையில் ஓர் இடம் காலி.
ஙூ சியூ யிங், சிபுக்காரி,
சிங்கப்பூர் வேலையில் லீவு கிடைக்கவில்லையாம்.
கேமரா அந்தப் பக்கம்தான் திரும்புமாம்.
அபாங் ஜம்ரி ஒரு கறுப்பு அங்கியை என்மேல் எறிந்தார்.
உட்கார்.
வரிசை எழுந்தால் நீ எழாதே.
குனிந்து ஷூ லேஸ் கட்டு.

நான் செருப்பு போட்டிருந்தேன்.

அங்கிக்குள் பாச்சையுருண்டை வாசம்.
பாக்கெட் கிடையாது, கையை எங்கே வைப்பது?
நாலு நாற்காலி தள்ளி முகிலரசன்
சிரிப்பை இருமலாக மாற்றிக்கொண்டிருந்தான்.
எட்டாம் நாற்காலியிலிருந்து நவமலர் கேட்டாள்:
"நீங்க எந்தத் துறை?"
வாய் முந்திக்கொண்டது. "புள்ளியியல்."
"ஐயோ, கஷ்டமாச்சே!"
"ரொம்ப" என்றேன்.
அன்றைக்கு நான் சொன்ன ஒரே உண்மை.

மாடியில் அவள் அம்மா.
மூவாரிலிருந்து விடியல் பஸ்ஸில்
பசியாறாமல் வந்தவராம்.
கைபேசியைத் தலைகீழாகப் பிடித்து, திருப்பிப் பிடித்து,
இங்கே பார், இங்கே பார் என்று கையை ஆட்டினார்.
அவள் பார்த்தாள். நானும் பார்த்துவிட்டேன்.

வரிசை எழுந்தது.
குனிந்தேன்.
இல்லாத லேஸை நிதானமாக,
இரட்டை முடிச்சாகவே கட்டினேன்.
அங்கிகளின் ஓரம் காதை உரசிக்கொண்டு போயிற்று.
மேலே ஒலிபெருக்கி
முகிலரசனை முக்கிலராசன் ஆக்கியது.
சோப்புத் திருடனுக்கு வேண்டும் என்று நினைத்தேன்,
தரையைப் பார்த்தபடியே
கை வலிக்கத் தட்டினேன்.

சாயங்காலம் எல்லாவற்றையும் மடக்கி அடுக்கினோம்.
வெளியே மழை. பூங்கொத்து விற்றவர்கள்
வாடின மிச்சத்தை வண்டியில் அள்ளிக்கொண்டிருந்தார்கள்.
பெயர்த்தாள்கள் பாதியில் கிழிந்து
பாதி முதுகிலேயே தங்கிவிட்டன.
ஙூவினுடையது மட்டும் முழுசாக வந்தது.
கசக்க மனம் வரவில்லை,
பஸ் அட்டையோடு சேர்த்து வைத்திருக்கிறேன்.

மூவாரில் இந்நேரம்
குடும்பக் குழுவில் அந்தப் படம் சுற்றிக்கொண்டிருக்கும்.
யாராவது விரலால் பெரிதாக்கிக் கேட்பார்கள்,
பக்கத்தில் யார் அந்தப் பையன்,
நல்லா படிக்கிறவன் போல.

திங்கட்கிழமை எட்டு மணிக்குப் புள்ளியியல் இரண்டு.
அங்கே முன்வரிசை
எப்போதும் காலியாகத்தான் இருக்கும்.